ஐந்து கட்டைக்கு எந்த உகுலேலே?

வாசகர் கேள்வி:

ஐயா, வணக்கம். பினாங்கில் தமிழ்ப்பள்ளி ஆசிரியையாக இருக்கிறேன். சிறு வயதில் வாய்ப்பாட்டு கற்றதுண்டு. ஐந்து கட்டை சுருதியில் பாடுவேன். வகுப்பில் சின்னப் பிள்ளைகளுக்காக ஒரு மலிவான சொப்ரானோ உகுலேலே (கிட்டார் மாதிரி நாலு தந்தி வாத்தியத்தின் சின்ன அளவு) வாங்கி, கார்டு (பல ஸ்வரங்களைச் சேர்த்து ஒலிப்பது) பிடித்துப் பாட்டுச் சொல்லிக் கொடுத்துப் பழகிவிட்டேன். இப்போது எனக்கென்று நல்லதாக ஒன்று வாங்க 5,000 வெள்ளி (ரிங்கிட்) ஒதுக்கியிருக்கிறேன். பஜனைப் பாட்டு, பழைய சினிமாப் பாட்டு இவற்றின் மெட்டை ஒவ்வொரு ஸ்வரமாக வாசிக்க வேண்டும் என்பதுதான் ஆசை.

இரண்டு பார்த்து வைத்திருக்கிறேன். ஒன்று கமாகா. சொப்ரானோவைவிடச் சற்றுப் பெரிய கான்சர்ட் அளவு, கோவா மரம், ஹவாயில் செய்தது. இங்கே தஞ்சோங் பூங்கா வட்டாரத்தில் ஒருவர் வெளிநாடு போவதால் 4,300 வெள்ளிக்குத் தருகிறார். இன்னொன்று போனோ. அதையும்விடப் பெரிய டெனர் அளவு, மஹோகனி மரம், இந்தோனேசியாவில் செய்தது. கோலாலம்பூர் கடையில் புதிது 2,600 வெள்ளி. "ஹவாய் சாமான் கிடைக்கும்போது எவனாவது இந்தோனேசியா சாமானை வாங்குவானா?" என்கிறார் வீட்டுக்காரர். எனக்கோ விரல் குட்டை. எது உசத்தி? டெனர் வாங்கினால் தோளில் ஸ்ட்ராப் மாட்டலாமா?

– ஓர் ஆசிரியை, ஆயர் ஈத்தாம்

பதில்:

வணக்கம் டீச்சர். "எது உசத்தி" என்று மட்டும் கேட்டால் கமாகாதான். 1916-இல் ஹொனலுலுவில் தொடங்கிய பட்டறை, இன்றைக்கும் அதே குடும்பத்தின் கையில் இருக்கிறது. உகுலேலே வாசிக்கிற எவரிடமும் அந்தப் பெயரைச் சொன்னால் தலையாட்டுவார். பிறகு விற்க நேர்ந்தாலும் போட்ட பணத்தில் பெரும்பகுதியைத் திருப்பித் தரும். இதிலெல்லாம் உங்கள் வீட்டுக்காரர் சொல்வது சரி.

ஆனால் உங்களுக்கு நான் சொல்வது போனோ டெனர். பாட்டு கற்றவர், ஐந்து கட்டையில் பாடுகிறவர், ஸ்வரம் ஸ்வரமாக மெட்டு வாசிக்க ஆசைப்படுகிறவர் என்று கடிதத்தில் எழுதியிருக்கிறீர்களே, அதை வைத்துத்தான் சொல்கிறேன். கார்டு தட்டிப் பாட மட்டும் கேட்டிருந்தால் என் பதில் வேறாக இருந்திருக்கும்.

உங்கள் சொப்ரானோவை எடுத்துப் பாருங்கள். நான்கு தந்தி, மேற்கத்திய ஸ்வரப் பெயரில் ஜி, சி, ஈ, ஏ. முகத்துக்குப் பக்கத்தில் இருக்கும் முதல் தந்தி ஜி. அது கனமான தந்தி இல்லை, மெல்லியது; அடுத்திருக்கும் சி-யைவிட மேலே ஒலிக்கும். உகுலேலேயின் அந்தக் கலகலப்பான சத்தம் இதிலிருந்துதான் வருகிறது. கார்டு தட்டும்போது அழகு. மெட்டு வாசிக்க உட்காரும்போதுதான் தகராறு ஆரம்பிக்கும்.

உங்கள் ஐந்து கட்டை என்பது ஜி. பெண் குரலில் நீங்கள் பிடிக்கும் ஆதார சட்ஜம், உகுலேலேயின் சி தந்திக்கும் கீழே இருக்கிற ஜி. சாதாரணமாகத் தந்தி போட்ட உகுலேலேயில் ஆகக் கீழான ஸ்வரமே அந்த சி-தான். உங்கள் கணக்கில் அது சுத்த மத்யமம். அதாவது நீங்கள் வாயால் பாடும் சட்ஜம், ரிஷபம், காந்தாரம் மூன்றும் அந்த வாத்தியத்தில் கிடையவே கிடையாது. பல்லவியைத் தொடங்குவதற்கு முன்பே வழி அடைத்துவிடும். ஒரு ஸ்தாயி மேலே ஏற்றி வாசிக்கலாம் என்றால், தாரஸ்தாயி சட்ஜத்துக்கே ஏ தந்தியில் பத்தாவது ஃபிரெட்டுக்கு, அதாவது கழுத்தின் குறுக்கே பதித்திருக்கும் பத்தாவது உலோகக் கம்பிக்குப் போக வேண்டும். அதற்கு மேல் சஞ்சாரம் செய்ய இடமும் இல்லை, கேட்கச் சுகமும் இல்லை.

இதற்கு உகுலேலேக்காரர்கள் கண்டுபிடித்த வழி லோ ஜி. அந்த மெல்லிய ஜி தந்தியைக் கழற்றிவிட்டு, ஒரு ஸ்தாயி கீழே ஒலிக்கும் கனமான ஜி தந்தி போடுவது. போட்டதும் உங்கள் ஆதார சட்ஜம் திறந்த தந்தியாகவே வந்து உட்கார்ந்துவிடும். பஞ்சமம் சி தந்தியில் இரண்டாவது ஃபிரெட்டில், மேல் சட்ஜம் ஈ தந்தியில் மூன்றாவது ஃபிரெட்டில், தாரஸ்தாயி பஞ்சமம் ஏ தந்தியில் ஐந்தாவது ஃபிரெட்டில். உங்கள் குரல் சாதாரணமாகப் போய் வரும் எல்லை முழுவதும் கழுத்தின் முதல் ஐந்து ஃபிரெட்டுக்குள் அடங்கிவிடும். மந்திர ஸ்தாயிக்கு இறங்க முடியாதுதான். பஜனைக்கும் பழைய பாட்டுக்கும் அது பெரிய குறை இல்லை.

"அப்படியானால் கமாகாவிலேயே லோ ஜி போட்டால் என்ன?" என்று கேட்பீர்கள். போடலாம். கான்சர்ட்டில் நானே போட்டுக் கொடுத்திருக்கிறேன், வாசித்தவர்கள் சந்தோஷமாகத்தான் இருக்கிறார்கள். கான்சர்ட்டின் தந்தி நீளம் சுமார் 38 சென்டிமீட்டர், டெனரின் நீளம் சுமார் 43. கீழ் ஸ்வரம் தெளிவாகப் பேசத் தந்திக்கு நீளமும் இழுவையும் வேண்டும். கான்சர்ட்டில் லோ ஜி கொஞ்சம் தொளதொளவென்று இருக்கும். ஸ்வரம் விழுந்த பிறகு "பொம்" என்று ஒரு வீக்கம் தனியாகக் கேட்கும். டெனரில் பெட்டியும் பெரிது என்பதால் அந்த ஒலி நன்றாகத் தாங்கும். உங்களுக்கோ அந்தத் தந்திதான் சட்ஜம். நாள் முழுக்க அதில்தான் வந்து நிற்கப் போகிறீர்கள். அது சுமாராக இருந்தால் மற்ற மூன்றும் ஹவாய்த் தரத்தில் இருந்து என்ன பயன்?

இன்னொரு விஷயமும் உண்டு. கனமான தந்தி போட நட்டில், அதாவது கழுத்தின் தலைப்பக்கம் தந்திகள் உட்காரும் அந்த வெள்ளைத் துண்டில், பள்ளத்தை அகலப்படுத்த வேண்டும். அகலப்படுத்திய பிறகு மனம் மாறிப் பழைய மெல்லிய தந்திக்குத் திரும்பினால், அது பள்ளத்தில் ஆடி இரைச்சல் போடும். பழைய கமாகாவின் நட்டில் அரம் வைக்க எனக்கே கை வராது. புதிய போனோவில் தாராளமாகச் செய்யலாம்.

விரல் குட்டை என்ற கவலைக்கு வருகிறேன். முதல் ஃபிரெட்டிலிருந்து நான்காவது ஃபிரெட் வரை உள்ள தூரம்தான் கையை விரிக்க வைப்பது. சொப்ரானோவில் அது ஐந்து சென்டிமீட்டர் சொச்சம், கான்சர்ட்டில் ஏறக்குறைய ஐந்தே முக்கால், டெனரில் ஆறரை. கான்சர்ட்டுக்கும் டெனருக்கும் வித்தியாசம் ஒரு சென்டிமீட்டர்கூட இல்லை. கிட்டாரில் இதே தூரம் பத்து சென்டிமீட்டரை நெருங்கும், அதையும் குட்டை விரல்காரர்கள் வாசிக்கிறார்கள். சொப்ரானோவிலிருந்து நேராக டெனருக்கு வரும்போது முதல் இரண்டு வாரம் ஃபிரெட் தப்பும், அவ்வளவுதான். மெட்டு வாசிக்கிறவருக்கு இடைவெளி கொஞ்சம் தாராளமாக இருப்பதே நல்லது. விரல் ஒன்றோடொன்று முட்டாது. நட்டின் அகலத்தையும் கடையில் அளந்து பாருங்கள். 35 மில்லிமீட்டருக்கும் 38-க்கும் கையில் நல்ல வித்தியாசம் தெரியும். தந்தியைத் தனித்தனியாக மீட்டுகிறவருக்கு 38-தான் வசதி.

இனி உங்கள் வீட்டுக்காரருக்கு. போனோ ஜாவாவில் செய்யப்படுகிறது, உண்மைதான். செய்விப்பவர்கள் யார் என்றால், ஹவாயின் ஒவாஹு தீவில் கோஓலாவ் என்ற பெயரில் உயர்ரக உகுலேலே செய்யும் பட்டறைக்காரர்கள். அப்புறம், இந்த மாதிரிச் சின்னத் தந்தி வாத்தியம் ஜாவாவுக்குப் புதிது என்று அவர் நினைக்க வேண்டாம். 1879-இல் போர்ச்சுகலின் மதெய்ரா தீவிலிருந்து கப்பலேறி ஹொனலுலுவில் இறங்கிய தச்சர்களின் சின்ன வாத்தியத்திலிருந்து ஹவாயில் உகுலேலே பிறந்தது. அதே போர்ச்சுகீசியர் நம் மலாக்கா பக்கமும் ஜாவா பக்கமும் விட்டுச் சென்ற வாத்தியங்களிலிருந்து கெரொன்சோங் இசையின் சுக், சாக் என்ற உகுலேலே போன்ற வாத்தியங்கள் இரண்டும் வந்தன. பக்கத்து வீட்டுச் சொந்தம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அதற்காக, "ஜாவாவில் செய்தது, நம்ம ஊர்ச் சூட்டுக்குப் பழகினது" என்று கடைக்காரர் சொன்னால் நம்பிவிடாதீர்கள். நல்ல பட்டறை எந்த ஊரில் இருந்தாலும் மரத்தை நன்றாக உலர்த்தி, ஈரப்பதத்தைக் கட்டுப்படுத்திய அறையில் வைத்துத்தான் ஒட்டும். வெளிக்காற்றில் வைத்து ஒட்டிய பெட்டி எங்கே செய்ததாக இருந்தாலும் உருப்படாது.

மரத்தைப் பற்றி நிறையப் பேசுவார்கள், நான் கொஞ்சம் பேசுகிறேன். கோவா ஹவாயில் மட்டுமே இயற்கையாக வளரும் மரம். நம் நெடுஞ்சாலை ஓரங்களில் நிற்கும் அகேசியாவின் உறவு. ஒலியில் ஒரு பளிச்சென்ற தன்மை உண்டு, பார்வைக்கு ராஜா. மஹோகனி மிருதுவாக, உருண்டையாக ஒலிக்கும்; காற்றின் ஈரம் ஏறி இறங்கினாலும் அவ்வளவாக அசையாது. குரலோடு சேர்ந்து வாசிக்க எனக்கு மஹோகனி பிடிக்கும். இது என் காது, உங்கள் காது வேறாக இருக்கலாம். உண்மையில் தந்தியை மாற்றினால் வரும் வித்தியாசம், மரத்தை மாற்றினால் வரும் வித்தியாசத்துக்குக் குறைந்ததில்லை. தஞ்சோங் பூங்காவில் கறுத்துப்போன பழைய தந்தியோடு கமாகாவைக் கேட்டுவிட்டு, கடையில் புதுத் தந்தியோடு போனோவைக் கேட்டு முடிவு செய்வது நியாயமில்லை. இரண்டும் முழு மரம்தானே தவிர ஒட்டுப்பலகை இல்லை. அதுவரை நிம்மதி.

கடைக்குப் போகும்போது கைப்பேசியில் சுருதிப்பெட்டி செயலி, ஒரு எஃகு ஸ்கேல் இரண்டையும் கொண்டு போங்கள். சுருதியை ஒரு கட்டையில், அதாவது சி-யில் வையுங்கள். இங்கே ஐந்து கட்டை வேண்டாம், காரணம் இருக்கிறது. தந்திகளை ட்யூனரில் சரிபார்த்துவிட்டு மோகனம் ஆரோகணம் வாசியுங்கள்: சி திறந்த தந்தி, அதிலேயே இரண்டாவது ஃபிரெட், ஈ திறந்தது, அதிலேயே மூன்றாவது, ஏ திறந்தது, அதிலேயே மூன்றாவது. சட்ஜம், ரிஷபம், காந்தாரம், பஞ்சமம், தைவதம், மேல் சட்ஜம். பாதி ஸ்வரம் விரலே வைக்காமல் வரும், பாதி விரல் வைத்து வரும். சி-யில் வைக்கச் சொன்னது இதற்குத்தான். இரண்டும் சுருதியோடு சமமாக ஒட்டுகிறதா என்று கேளுங்கள். விரல் வைத்த ஸ்வரங்கள் மட்டும் தூக்கலாக நின்றால் நட்டில் பள்ளம் போதவில்லை, தந்தி உயரமாக நிற்கிறது என்று அர்த்தம். அழுத்தும்போது தந்தி நீண்டு ஸ்வரம் ஏறுகிறது. புது உகுலேலேக்களில் சாதாரணமாக இருக்கும் குறை, சுலபமாகச் சரி செய்யலாம். கடையிலேயே செய்து தரச் சொல்லுங்கள்.

ஒன்றை மட்டும் குறையாக எடுத்துக்கொள்ளாதீர்கள். காந்தாரம் உங்கள் காதுக்குக் கொஞ்சம் கூடுதலாகத்தான் கேட்கும். தம்புராவோடு கரையும் அந்தர காந்தாரத்தைவிட, ஃபிரெட் வாத்தியங்களின் காந்தாரம் ஒரு பொட்டு மேலே இருக்கும். ஸ்தாயியைப் பன்னிரண்டு சம பங்காகப் பிரித்ததன் விளைவு அது. ட்யூனர் பார்த்து வைத்த திறந்த ஈ தந்தியிலும் இருக்கும். பாட்டு கற்ற பலர் இதைக் கேட்டுவிட்டு "வாத்தியம் சரியில்லை" என்று திருப்பிக் கொடுத்துவிடுகிறார்கள். பஞ்சமமும் மேல் சட்ஜமும் சுருதியில் கரைகின்றனவா என்பதை வைத்து முடிவு செய்யுங்கள். அவை இரண்டிலும் சமரசம் வேண்டாம்.

பிறகு ஸ்கேலை நிறுத்திப் பன்னிரண்டாவது ஃபிரெட்டின் மேலே தந்தி எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்று பாருங்கள். இரண்டரை மில்லிமீட்டரை ஒட்டி இருந்தால் நல்லது. மூன்றரையைத் தாண்டினால் அந்த ஒன்று வேண்டாம், அதே மாடலில் வேறொன்று கேளுங்கள். ஒரே மாடலில் இரண்டு உகுலேலே ஒரே மாதிரி இருக்காது.

நான் என்ன சொன்னாலும் தஞ்சோங் பூங்காவுக்குப் போய்க் கமாகாவைக் கையில் எடுத்துப் பார்க்கத்தான் போகிறீர்கள். பாருங்கள், தப்பில்லை. பார்க்கும்போது பிரிட்ஜை, அதாவது முகப்பில் தந்தி கட்டியிருக்கும் மரத்துண்டை, வெளிச்சத்தில் பக்கவாட்டாகக் கவனியுங்கள். ஒரு மெல்லிய தாளை அதன் பின்விளிம்பில் செருகிப் பாருங்கள். தாள் உள்ளே போனால் பசை விட ஆரம்பித்துவிட்டது. பிரிட்ஜுக்குப் பின்னால் முகப்புப் பலகை லேசாக மேடிட்டிருப்பது இயல்பு. ஸ்கேலைக் குறுக்கே வைத்தால் ஊஞ்சல் மாதிரி ஆடும் அளவுக்கு மேடு என்றால் மரம் ஈரத்தில் ஊதியிருக்கிறது. சேடில், அதாவது பிரிட்ஜின் மேல் தந்தியைத் தாங்கும் வெள்ளைப் பட்டை, எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று பாருங்கள். முகப்பு ஊதித் தந்தி ஏறினால், நம் ஊரில் சேடிலைத் தேய்த்துத் தேய்த்து உயரத்தைக் குறைப்பது வழக்கம். பட்டை பிரிட்ஜோடு சமமாகிவிட்டிருந்தால் இனித் தேய்க்க ஒன்றுமில்லை, அடுத்தது பெரிய வேலை. காரின் பின்பெட்டியில் வைத்துப் பழகியவரா என்பதையும் பேச்சோடு பேச்சாகக் கேட்டுவிடுங்கள். வெயிலில் நிற்கும் கார் மரத்தை விடப் பசையைத்தான் முதலில் பதம் பார்க்கும். இதெல்லாம் சரியாக இருந்து, உங்களுக்குக் கார்டு தட்டிப் பாடுவதே போதும் என்று தோன்றினால், அந்த விலைக்குக் கமாகாவை விடச் சொல்ல மாட்டேன்.

போனோ வாங்கினால் கையில் 2,400 வெள்ளி மிஞ்சும். அதில் முதலில் வாங்க வேண்டியது வாத்தியத்தை வைக்கக் கெட்டிப் பெட்டி. ரப்பர் பட்டை வைத்து இறுக்கமாக மூடுவதாகப் பாருங்கள். அதற்குள் ஒரு சின்ன ஈரப்பதமானி. பினாங்கில் வெளிக்காற்றின் ஈரப்பதம் பெரும்பாலும் 80 சதவீதத்தை ஒட்டி நிற்கும். மரத்துக்குப் பிடித்தது 45 முதல் 55. இரவு முழுக்க ஏர்கான் போட்டு அறையைக் காயவைத்து, காலையில் ஜன்னலைத் திறந்து கடல்காற்றை உள்ளே விடுகிற வீடுகளில்தான் வாத்தியங்கள் அதிகம் பாதிக்கப்படுகின்றன. நிரந்தரமாக ஈரமாக இருப்பதைவிடத் தினமும் ஏறி இறங்குவது கெடுதி. சுவரில் மாட்டி அழகு பார்க்காதீர்கள், வாசித்து முடித்ததும் பெட்டிக்குள் வைத்துவிடுங்கள். ஈரம் கூடினாலும் குறைந்தாலும் சமன் செய்யும் 49 சதவீதப் பொட்டலங்கள் கிடைக்கின்றன. நம் காற்றில் சீக்கிரம் நிரம்பிவிடும், பெட்டி இறுக்கமாக இருந்தால்தான் பலன். வீட்டில் கேமராவுக்காக டிரை கேபினட் இருந்தால் 50-இல் வைத்து அதிலேயே வைக்கலாம். 40-க்குக் கீழே இறக்கினால் மரம் வெடிக்கலாம்.

தந்தி விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. சத்தம் போதவில்லை என்று யாராவது எஃகுத் தந்தி போடச் சொன்னால் கேட்காதீர்கள். அந்த இழுவைக்கு உகுலேலே செய்யப்படவில்லை, பிரிட்ஜைப் பிய்த்துக்கொண்டு வரும். புது நைலான் அல்லது ஃப்ளோரோகார்பன் தந்தி முதல் சில நாட்கள் நீண்டுகொண்டே இருக்கும், பாட்டுக்குப் பாட்டு சுருதி சேர்க்க வேண்டி வரும். முறுக்காணி சரியில்லை என்று நினைத்துவிட வேண்டாம்.

பாட்டு கற்றவர் என்பதால் இதையும் சொல்ல வேண்டும்: கமகத்தில் வீணையை எதிர்பார்க்காதீர்கள். தந்தியைப் பக்கவாட்டில் இழுத்தால் அரை ஸ்வரம் ஏறுவதே பாடு. ஜாரு மட்டும் நன்றாக வரும். விரலை எடுக்காமல் ஃபிரெட் மேல் வழுக்கிப் போனால் பழைய சினிமாப் பாட்டின் குழைவில் பாதியைப் பிடித்துவிடலாம். டெனரின் நீண்ட கழுத்து அதற்கும் தோதானது.

பள்ளிக்கு அந்தப் பழைய சொப்ரானோவே போகட்டும். ஒன்றாம் ஆண்டுப் பிள்ளைகள் கையில் 2,600 வெள்ளி சாமானைக் கொடுத்துவிட்டு நீங்கள் நிம்மதியாகப் பாட முடியாது.

ஸ்ட்ராப் கேட்டிருந்தீர்கள். தாராளமாக மாட்டலாம், டெனருக்கு அது தேவையும்கூட. சொப்ரானோ மாதிரி கையால் நெஞ்சோடு அணைத்துப் பிடித்தால் இடது கை கழுத்தைத் தாங்குவதிலேயே போய்விடும், ஃபிரெட்டில் ஓடாது. ஒலித்துளையில் கொக்கி மாட்டும் வகை வேண்டாம். கையை விட்டால் வாத்தியம் தலைகுப்புறக் கவிழும். பட்டன் வகை போடுங்கள்: ஒன்று அடிப்பக்கம் நடுவில், இன்னொன்று கழுத்து பெட்டியோடு சேரும் குதிப்பகுதியில். முதலில் மெல்லிய துளை போட்டுவிட்டுத்தான் திருகை ஏற்ற வேண்டும், இல்லாவிட்டால் மஹோகனி பிளந்துகொள்ளும். நட்டில் லோ ஜி பள்ளம் போடக் கொடுக்கும்போதே இதையும் சேர்த்துச் செய்யச் சொல்லிவிடுங்கள், ஒரே வேலையாக முடிந்துவிடும்.